நூறு பேர் கூடும் கிறிஸ்மஸ் விருந்தில் விளையாட்டு நடத்துவது: முழுமையான வழிகாட்டி

பத்துப் பேருக்கு நடத்தும் விளையாட்டை நூறு பேருக்கு அப்படியே நடத்த முடியாது. பத்துப் பேரில் ஒருவர் ஆடினால் மற்றவர்கள் சுற்றி நின்று சிரிப்பார்கள். நூறு பேரில் ஒருவர் ஆடினால் பின்வரிசையில் இருப்பவர்களுக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாது. ஐந்து நிமிடத்தில் போனை எடுத்துவிடுவார்கள், பிள்ளைகள் பந்தலுக்குப் பின்னால் ஓடிவிடுவார்கள்.

அதனால் ஒவ்வொரு விளையாட்டிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: இது நடக்கும்போது எத்தனை பேர் சும்மா நிற்பார்கள்? கீழே வரும் தேர்வும் வரிசையும் இந்தக் கேள்வியில் இருந்து வந்தவைதான்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது தமிழ்நாடு–கேரள எல்லையை ஒட்டிய மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலைப் பக்கத்துக் கூட்டம். ஓர் அன்பியமோ (பங்கில் பக்கத்து வீட்டார் சேரும் சிறு குழு), சேகரத்து (சபை வட்டாரத்து) வாலிபர் ஐக்கியமோ, நாலு தலைமுறை சேரும் பெரிய குடும்பமோ, 80 முதல் 100 பேர். பாதிப் பேர் தமிழ், பாதிப் பேர் மலையாளம். மடியில் இருக்கும் பிள்ளை முதல் பாட்டா (தாத்தா) வரை எல்லா வயதும் உண்டு.

1. முதலில் இடத்தை அளந்து பாருங்கள்

விளையாட்டுப் பட்டியல் எழுதும் முன் முற்றத்தை நடந்து அளந்துவிடுங்கள். ஓர் ஆளின் நீட்டு நடை ஏறக்குறைய முக்கால் மீட்டர்.

தொடர் ஓட்டத்துக்கு 12 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் போதும். வடம்வலிக்கு (கயிறு இழுக்கும் போட்டிக்கு), பக்கத்துக்கு 8 பேர் நிற்பதானால், 30 மீட்டர் நீளம் வேண்டும். அவ்வளவு இல்லையென்றால் பக்கத்துக்கு 5 பேராகக் குறைத்து 22 மீட்டரில் முடிக்கலாம். இதை முன்பே முடிவு செய்யாமல் வடத்தை வாங்கி வந்து, பின்னால் நிற்பவரின் முதுகு மதில்சுவரில் முட்டும்போது யோசிப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

தரையையும் பாருங்கள். இன்டர்லாக் டைல்ஸ் போட்ட முற்றத்தில் சாக்கு ஓட்டம் வேண்டாம். விழுந்தால் முட்டி தோல் உரியும். சரளை கிடக்கும் செம்மண்ணும் அப்படியே. மணல் தரை, புல் தரை, கல் பொறுக்கிய செம்மண் தரை நல்லது. கிணறு இருந்தால் மூடி போட்டு, சுற்றி 3 மீட்டருக்குக் கயிறு கட்டுங்கள். ஸ்கூட்டர், பைக் எல்லாம் முற்றத்தை விட்டு வெளியே நிற்கட்டும்.

டிசம்பரில் இந்தப் பக்கம் மழை முழுக்க ஓய்ந்திருக்காது. மழை வந்தால் 11 முதல் 13 வரையுள்ள பகுதிகளில் வரும் ஆட்டங்களைப் பந்தலுக்குள் முதலில் நடத்திவிடலாம். வடம்வலியை மட்டும் ஈரத் தரையில் நடத்தாதீர்கள்; விட்டுவிடுங்கள்.

2. நேரத்தை இருட்டில் இருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

கிறிஸ்மஸ் நாட்களில் ஆறு மணி சுமாருக்குச் சூரியன் இறங்கிவிடும். ஓடுவது, இழுப்பது, அடிப்பது எல்லாம் அதற்குள் முடிய வேண்டும். உட்கார்ந்து ஆடுவதை விளக்கு வெளிச்சத்தில் வைத்துக்கொள்ளலாம்.

3.30 வருகை, ரிப்பன் கட்டுதல், ஓரத்து விளையாட்டு
4.00 கப்பல் மூழ்குது
4.15 தொடர் ஓட்டங்கள்
5.00 வடம்வலி
5.40 பானை உடைத்தல்
6.00 ஜெபம், சாயா, முந்திரிக்கொத்து
6.25 நாற்காலி ஆட்டம்
6.45 பேப்பர் பாப்பா (காகிதத்தில் கிறிஸ்மஸ் தாத்தா வேடம்)
7.05 பொட்டலம் கைமாற்றுதல்
7.25 ஹௌசி (எண்ணைச் சொல்லச் சொல்லச் சீட்டில் அடிக்கும் ஆட்டம்)
7.50 பரிசு
8.00 சாப்பாடு

சாப்பாட்டுக்குப் பிறகு எந்த விளையாட்டும் வைக்காதீர்கள். அப்பமும் கறியும் சாப்பிட்டவர்களை மறுபடி எழுப்ப முடியாது. தூரத்தில் இருந்து வந்தவர்கள் கிளம்பத் தொடங்கிவிடுவார்கள். பரிசையும் அதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டியது இதனால்தான்.

3. முன்கூட்டியே சேர்க்க வேண்டிய சாமான்கள்

நாலு நிற ரிப்பன், நிறத்துக்கு 8 மீட்டர். 30 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டினால் நிறத்துக்கு 26 வரும்.

விசில் 3. ஒரே ஒரு விசில் இருந்தால் அது யார் கையில் என்று தேடுவதிலேயே நேரம் போகும்.

எலுமிச்சம்பழம் 16, குழிவான ஸ்டீல் ஸ்பூன் 8, சணல் சாக்கு 8, தேங்காய் நார் வடம் 25 மீட்டர், மண்பானை 2, கண் கட்ட கறுத்த துணி 4. கையில்லாத பிளாஸ்டிக் நாற்காலி 40. பழைய செய்தித்தாள், செல்லோடேப், ஹௌசிச் சீட்டு 100, பேனா 100. ஸ்பீக்கர், மைக், மைக்குக்கு மாற்று பாட்டரி. முதலுதவிப் பெட்டி, ஒரு பிளாஸ்கில் ஐஸ்.

கோடு போடக் கோலப்பொடியோ மரத்தூளோ எடுங்கள். சுண்ணாம்புத் தூளும் பிளீச்சிங் பவுடரும் வேண்டாம். வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகள் விழுந்து எழுந்து அதே கையால் கண்ணைக் கசக்குவார்கள்.

சாக்கு வாங்கும்போது உரச்சாக்கைத் தொடாதீர்கள். கழுவினாலும் மருந்து நெடி நிற்கும், காலில் அரிக்கும். பிளாஸ்டிக் சாக்கு வழுக்கும். கொப்பரைக் கடையில் சணல் சாக்கு கேட்டுப் பாருங்கள். உதறி, வெயிலில் ஒரு நாள் போட்டு எடுங்கள்.

4. ஆறு பேருக்கு வேலையைப் பிரித்துக் கொடுங்கள்

ஒருவரே மைக் பிடித்து, கோடு போட்டு, தீர்ப்பும் சொன்னால் ஒரு மணி நேரத்தில் குரலும் பொறுமையும் போய்விடும். மைக் ஒருவர், நேரம் பார்க்க ஒருவர், அடுத்த ஆட்டத்துக்குச் சாமான் வைக்க இருவர், தீர்ப்புக்கு ஒருவர், பாட்டுக்கு ஒருவர்.

இதில் முக்கியமானவர்கள் சாமான் வைக்கும் இருவர். ஓர் ஆட்டம் நடக்கும்போதே அடுத்ததற்குக் கோடும் பொருளும் தயாராகி இருக்க வேண்டும். கூட்டம் கலைவது ஆட்டத்தின் நடுவில் இல்லை, இரண்டு ஆட்டங்களுக்கு இடையில் வரும் ஐந்து நிமிடத்தில்தான்.

மைக் பிடிப்பவருக்குத் தமிழும் மலையாளமும் சரளமாக வர வேண்டும். விதியை மூன்று வாக்கியத்துக்குள் தமிழில் சொல்லி, அதையே மலையாளத்தில் சொல்லி, உடனே இரண்டு பேரை வைத்து ஆடிக் காட்டச் சொல்லுங்கள். “மக்களே, இங்கோட்டு ஒண்ணு பாருங்க” என்று கூப்பிட்டுக் கண்ணால் காட்டிவிட்டால் எந்த மொழிக்காரருக்கும் சந்தேகம் வராது.

தீர்ப்புக்கு எல்லாருடைய மதிப்பையும் பெற்ற மூத்தவர் ஒருவரை உட்கார வையுங்கள். ஓய்வுபெற்ற சார், டீச்சர் யாராவது இருப்பார்கள். அவர் சொன்னால் மறுபேச்சு இருக்காது; இளைஞர் ஒருவரைத் தீர்ப்புக்கு வைத்தால் அவருடைய மச்சான்மாரே சண்டைக்கு வருவார்கள்.

5. வாசலிலேயே அணி பிரியுங்கள்

எல்லாரும் வந்து சேர்ந்த பிறகு ‘ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு’ என்று எண்ணிப் பிரிப்பதில் 15 நிமிடம் வீணாகும். எண்ணை மாற்றிச் சொல்லி நண்பர்கள் ஒரே பக்கம் சேர்ந்தும் விடுவார்கள்.

வாசலில் இரண்டு பேர் ரிப்பனோடு நிற்கட்டும். உள்ளே வருபவர் வலது மணிக்கட்டில் சிவப்பு, பச்சை, மஞ்சள், வெள்ளை என்ற வரிசை தவறாமல் கட்டிவிடுங்கள். ஒரு வீட்டார் நாலு பேர் வந்தால் நாலு அணிக்கும் தானாகப் பிரிந்துவிடுவார்கள். பைக்கில் கூட்டமாக வரும் வாலிபர்களும் அப்படியே.

ரிப்பனை இரண்டு கட்டாக வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்று 12 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு, மற்றது பெரியவர்களுக்கு. ஒரே கட்டாக இருந்தால் ஓர் அணியில் பிள்ளைகள் குவிந்து, வடம்வலியில் அந்த அணிக்கு ஆளே இருக்காது.

ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு அம்மாவின் நிறத்தையே கட்டுங்கள். வேறு நிறம் கட்டினால் அழும்; அதைச் சமாதானப்படுத்த அம்மாவும் ஆட்டத்தை விட்டுப் போவார்.

6. வருகிற நேரத்துக்கு: ஓரத்து விளையாட்டு

மூன்றரைக்குச் சொன்னால் நாலு வரை வந்துகொண்டே இருப்பார்கள். முதலில் வந்தவர்களுக்கு அந்த அரைமணி நேரம் ஏதாவது இருக்க வேண்டும்.

கண்ணைக் கட்டிப் பொட்டு வைக்கும் ஆட்டத்தை இங்கே வைக்கலாம். சுந்தரி படத்துக்குப் பதில் சார்ட்டில் பெரிய கிறிஸ்மஸ் பாப்பா (கிறிஸ்மஸ் தாத்தா) முகம் வரைந்து, மூக்கு ஒட்டச் சொல்லுங்கள். ஒட்டிய இடத்தில் பெயரை எழுதிவிட வேண்டும், இல்லையென்றால் யார் ஜெயித்தார் என்று கடைசியில் தெரியாது.

இதை மேடை ஆட்டமாக வைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. ஓர் ஆளுக்கு 40 விநாடி என்றால் 60 பேருக்கு 40 நிமிடம். ஓரத்தில், வருகிறவர் வருகிறபடி ஆடிவிட்டுப் போகட்டும். கண் கட்டும் துணிக்கு அடியில் ஒவ்வொருவருக்கும் புது டிஷ்யூ ஒன்று வையுங்கள். ஒரே துணி 60 கண்ணில் படக்கூடாது.

7. கூட்டத்தைக் கலக்கும் முதல் ஆட்டம்: கப்பல் மூழ்குது

எல்லாரும் முற்றத்தில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். “கப்பல் மூழ்குது, கப்பல் மூழ்குது, படகில் ஐந்து பேர்!” என்றதும் ஐந்து ஐந்தாகச் சேர்ந்து கைகோக்க வேண்டும்.

சேராமல் மிஞ்சியவர்களை வெளியேற்றாதீர்கள். கூச்சப்படுபவர்கள், புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண்கள்தான் முதலில் மிஞ்சுவார்கள். அவர்களை வெளியே அனுப்பினால் மாலை முழுக்க ஒதுங்கியே உட்கார்ந்துவிடுவார்கள். மிஞ்சியவர் மைக்கிடம் வந்து அடுத்த எண்ணைச் சொல்லட்டும். அதோடு எல்லாருக்கும் அவர் பெயர் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நிபந்தனை சேருங்கள்: நாலு நிறமும் இருக்க வேண்டும், ஒரு பாட்டாவோ பாட்டியோ இருக்க வேண்டும், வேறு ஊர்க்காரர் ஒருவர் இருக்க வேண்டும். எட்டுச் சுற்றோடு நிறுத்துங்கள். இன்னும் வேண்டும் என்று கேட்கும்போதே அடுத்ததற்குப் போக வேண்டும்.

8. தொடர் ஓட்டங்கள்

எலுமிச்சை ஸ்பூன், சாக்கு இரண்டையும் தனியாள் போட்டியாக நடத்தாமல் அணித் தொடராக நடத்துங்கள். நாலு அணியும் ஒரே நேரத்தில், அணிக்கு 10 பேர். ஒரு சுற்றுக்கு 40 பேர், இரண்டு சுற்றில் 80 பேர் ஆடிவிடுவார்கள்.

ஒன்றரை மீட்டர் அகலத்தில் நாலு பாதை போடுங்கள். 8 மீட்டர் தூரத்தில் ஒரு நாற்காலி. அதைச் சுற்றிவந்து அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும். ஒருவருக்கு 25 விநாடி ஆகும், ஒரு சுற்று நாலு நிமிடம் சொச்சத்தில் முடியும்.

எலுமிச்சை உருண்டையாக, நடுத்தர அளவில் இருக்கட்டும். மிகச் சிறியது ஸ்பூன் குழியில் உட்கார்ந்து விழவே விழாது. ஆட்டத்தில் சுவை இருக்காது. ஸ்பூனைக் கையில்தான் பிடிக்க வேண்டும். வாயில் கடித்து ஓடி, ஒருவர் இடித்துவிட்டால் ஸ்பூன் தொண்டைக்குப் போகும். வாயும் ஸ்பூனும் கைமாறுவது சுத்தமும் இல்லை. இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். பழம் விழுந்தால் விழுந்த இடத்திலேயே எடுத்து வைத்துத் தொடரலாம். முதலில் இருந்து தொடங்கச் சொன்னால் ஒரு சின்னப் பிள்ளையால் முழு அணியும் தோற்று, பழி அந்தப் பிள்ளை மேல் விழும்.

சாக்கு ஓட்டத்துக்கு அணிக்கு இரண்டு சாக்கு: ஒன்றில் ஒருவர் ஓடும்போது அடுத்தவர் மற்றதில் ஏறி நிற்கலாம். தூரத்தை 6 மீட்டராகக் குறையுங்கள். 50 வயதுக்கு மேற்பட்டவர்கள் எலுமிச்சையில் மட்டும் சேரட்டும்.

பனியன் துணியால் காலைச் சேர்த்துக் கட்டும் மூன்று கால் ஓட்டமும் உண்டு. ஆனால் 80 காலைக் கட்டி அவிழ்க்கிற நேரத்தில் மற்ற இரண்டும் முடிந்துவிடும்.

9. வடம்வலி

எல்லைப் பக்கத்துக் கூட்டத்தில் இது இல்லாமல் தீராது. அடிபடும் வாய்ப்பு அதிகம் உள்ளதும் இதுதான். எனவே நிதானமாகப் படியுங்கள்.

வடம். தேங்காய் நாரில் திரித்தது, 3 முதல் 4 சென்டிமீட்டர் கனம். நைலான் கயிறு வேண்டாம். அது ரப்பர் போல இழுபடும். அறுந்தால் சாட்டை போலத் திரும்பி அடிக்கும், வியர்த்த கையில் வழுக்கி உள்ளங்கையைச் சுடும். பழைய வடமானால் முதல் நாளே தரையில் நீட்டிப் போட்டு, ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை இரண்டு கையாலும் முறுக்கைப் பிரித்துப் பாருங்கள். வெளியே நன்றாகத் தெரியும் வடம் உள்ளே கறுத்து, நார் தூளாக உதிரும். அப்படி ஓர் இடம் இருந்தாலும் அந்த வடத்தை விடுங்கள்.

அடையாளம். நடுவில் சிவப்புத் துணி கட்டுங்கள். அதில் இருந்து இருபக்கமும் 2 மீட்டரில் வெள்ளைத் துணி. தரையில் ஒரே ஒரு நடுக்கோடு. எதிரணிப் பக்கத்து வெள்ளைத் துணி நடுக்கோட்டைத் தாண்டினால் வெற்றி. தரையில் மூன்று கோடு போட்டால் எந்தக் கோடு என்று வாக்குவாதம் வரும்.

நிற்கும் முறை. ஆள்கள் வடத்தின் இருபக்கமும் மாறி மாறி நிற்க வேண்டும், ஒருவருக்கு ஒரு மீட்டர். எல்லாரும் ஒரே பக்கம் நின்றால் வடம் கோணிப்போகும். மோதிரம், வாட்ச், வளையலைக் கழற்றி வீட்டார் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். வடத்தில் முடிச்சோ வளையமோ போடக்கூடாது. கையில் சுற்றக்கூடாது, கடைசி ஆள் இடுப்பில் கட்டக்கூடாது. இழுவை வேகம் பிடித்ததும் சுற்றிய கையை விடுவிக்க முடியாது; விரலே போகும். ஒவ்வொரு இழுவைக்கும் முன் நடுவர் இரு அணியின் கையையும் நடந்து பார்க்க வேண்டும். ஒருமுறை பார்த்தோம் என்று விட்டால் மூன்றாவது இழுவையில் யாராவது சுற்றியிருப்பார்கள்.

தொடக்கம். ‘வடத்தை எடு’, ‘இறுக்கு’, விசில். இறுக்கும்போது சிவப்புத் துணி நடுக்கோட்டின் மேல் நிற்க வேண்டும். இந்த நடுக்கட்டத்தை விட்டுவிட்டு நேராக விசில் அடித்தால் ஒரு பக்கம் முன்பே இழுத்து, ஐந்து விநாடியில் ஆட்டம் முடிந்துபோகும்.

முடிவு. வெற்றி விசில் கேட்டதும் யாரும் வடத்தைக் கைவிடக்கூடாது. தோற்கும் பக்கம் திடீரென்று விட்டால் ஜெயித்த எட்டுப் பேரும் ஒருவர் மேல் ஒருவர் மல்லாக்க விழுவார்கள். ‘தளர்த்து’ என்று சொன்னதும் மெதுவாக. இதை ஆட்டத்துக்கு முன் ஒருமுறை பழக்கிவிடுங்கள்.

மூன்றில் இரண்டு இழுத்தவர் வெற்றி. ஒவ்வொரு முறையும் பக்கம் மாறுங்கள், ஏனென்றால் எந்த முற்றமும் கொஞ்சமாவது சரிந்தே இருக்கும். ஆண்களுக்கு இரண்டு அரையிறுதி, ஓர் இறுதி, பெண்களுக்கும் அதே. ஒரு போட்டிக்கு ஆறு நிமிடம் என்று 36 நிமிடத்தில் முடியும். பிள்ளைகளுக்கு முதலில் தனியாக ஓர் இழுவை கொடுங்கள். பெரியவர்களோடு ஒரே வடத்தில் அவர்களைச் சேர்க்காதீர்கள்.

எல்லாரும் வெறுங்கால், அல்லது எல்லாரும் ஷூ; செருப்பு வேண்டாம். கர்ப்பிணிகள், முதுகுவலி, இதயக் கோளாறு உள்ளவர்கள் ஆட வேண்டாம் என்பதை மைக்கில் பொதுவாகச் சொல்லுங்கள். பெயர் சொல்லி ஒதுக்காதீர்கள்.

10. பானை உடைத்தல்

வெளி ஆட்டங்களில் இதைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உடைந்து சிதறும் பானை ஓடுகள். இதற்குப் பிறகு யாரும் அந்த இடத்தில் வெறுங்காலோடு ஓடக்கூடாது. முற்றத்தின் நடுவில் தொங்கவிடாமல் ஒரு மூலையில் தொங்கவிடுங்கள்.

இரண்டு மரத்துக்கு நடுவே, தலைக்கு ஒரு சாண் மேலே. சுற்றி 5 மீட்டர் வட்டம், அதற்குள் ஆடுபவரும் நடுவரும் மட்டும். கம்பு ஒன்றரை மீட்டர், கனம் குறைந்தது. ஆளுக்கு மூன்று அடி. நடுவர் விசில் அடித்ததும் கம்பை மண்ணில் ஊன்றிவிட வேண்டும். அணிக்கு இரண்டு பேர்தான். பானைக்குள் தண்ணீரும் கொஞ்சம் பூவும் போதும். மிட்டாய் போட்டால் ஓட்டுத் துண்டுகளுக்கு நடுவே பிள்ளைகள் பாய்வார்கள்.

உடைந்ததும் சாமான் வைக்கும் இருவரும் துடைப்பத்தோடு வர வேண்டும். மற்றவர்கள் சாயாவுக்கு.

11. சாயா முடிந்து கூட்டத்தைத் திரும்பக் கூட்ட: நாற்காலி ஆட்டம்

“எல்லாரும் வாங்க” என்று பத்து முறை கூப்பிட்டாலும் வராத கூட்டம், பாட்டுச் சத்தம் கேட்டால் தானாக வரும். நாற்காலி ஆட்டத்தை இந்த நேரத்தில் வைப்பது அதனால்தான்.

அணிக்கு 10 பேர், மொத்தம் 40. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நாற்காலியாக எடுத்தால் 39 சுற்று, சுற்றுக்கு 50 விநாடி வைத்தாலும் அரைமணி நேரத்தைத் தாண்டும். முதலில் ஐந்து ஐந்தாக எடுங்கள். ஆறு சுற்றில் 10 பேர் ஆவார்கள். பிறகு ஒவ்வொன்றாக ஒன்பது சுற்று. மொத்தம் 15 சுற்று, 13 நிமிடம்.

பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஓரமாக விழுந்து உட்கார்ந்தால் கால் விரிந்து உடையும். வெடிப்பு விட்ட நாற்காலியை முன்பே ஒதுக்குங்கள். முதுகு உள்பக்கம் பார்க்க வட்டமாக, ஒன்றுக்கொன்று ஒரு சாண் இடைவெளி விட்டுப் போடுங்கள்.

பாட்டு நிறுத்துபவர் கூட்டத்துக்கு முதுகு காட்டி நிற்க வேண்டும். பார்த்துக்கொண்டே நிறுத்தினால் தன் வீட்டாருக்குச் சாதகம் செய்தார் என்ற பேச்சு வரும். பாட்டை முன்பே போனில் இறக்கி வைத்து, ஏரோபிளேன் மோடில் போடுங்கள். நடுவில் அழைப்பு வந்து பாட்டு நின்றால் அந்தச் சுற்றே வீண்.

12. பேப்பர் பாப்பா, பொட்டலம்

பேப்பர் பாப்பா எல்லா வயதுக்கும் ஏற்றது. நான்கு அணியும் முழுதாகச் சேரலாம். அணிக்கு 8 முழுத்தாள் செய்தித்தாள், சிவப்பு கிரேப் பேப்பர் 2, செல்லோடேப் 1, மழுங்கிய கத்தரி 1. பத்து நிமிடத்தில் தங்களில் ஒருவரைக் கிறிஸ்மஸ் பாப்பாவாக அலங்கரிக்க வேண்டும். தாடிக்குப் பஞ்சு வேண்டாம். பக்கத்தில் கிறிஸ்மஸ் குடிலும் மெழுகுவர்த்தியும் இருக்கும் நேரம் அது, பஞ்சு நொடியில் தீப்பிடிக்கும். செய்தித்தாளை நீளவாக்கில் கீறித் தாடி செய்யட்டும். அந்த நேரம் முழுக்க மெழுகுவர்த்தியை அணைத்து வையுங்கள். முதியவர் ஒருவரைப் பாப்பாவாக உட்கார வைத்துப் பேரப்பிள்ளைகள் தாடி ஒட்டும்போது அணியில் யாருமே ஒதுங்கி நிற்க மாட்டார்கள்.

அடுத்தது பொட்டலம்: வட்டமாக உட்கார்ந்து பாட்டு ஓடும்வரை கைமாற்ற வேண்டும், பாட்டு நிற்கும்போது கையில் வைத்திருப்பவர் ஒரு சுற்றைப் பிரித்துச் சீட்டில் உள்ளதைச் செய்ய வேண்டும். பொட்டலத்தை 14 சுற்றுத் தாளில் கட்டுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு மிட்டாயும் ஒரு சீட்டும். ஒரு சுற்றுக்கு விரல் நீளச் செல்லோடேப் ஒன்று போதும். இறுக்கி ஒட்டினால் பிரிக்கவே ஒரு நிமிடம் ஆகும், எல்லாரும் காத்திருப்பார்கள். பெரிய வட்டமாதலால் இரண்டு பொட்டலம் தயார் செய்து எதிரெதிர்த் திசையில் விடுங்கள்.

சீட்டில் உள்ளதை மைக்கில் இரு மொழியிலும் படிக்க வேண்டும். ‘குடிலில் உள்ள ஆடு போலக் கத்துங்கள்’, ‘நாலு நிறத்திலும் ஒவ்வொருவருக்குக் கை கொடுங்கள்’, ‘ஒரு கேரல் பாட்டின் முதல் வரியைத் தொடங்குங்கள், எல்லாரும் சேர்ந்து முடிப்போம்’. உடம்பு, நிறம், சம்பளம், கல்யாணம் ஆகாதது, பிள்ளை இல்லாதது பற்றிய எதுவும் சீட்டில் வரக்கூடாது. ஒருவர் கண் கலங்கினால் அந்த மாலையே போயிற்று.

13. ஹௌசி: சாப்பாட்டுக்கு முன் கடைசி

எல்லாரும் உட்கார்ந்திருப்பதால் சமையல் பக்கத்தில் இலை போட இடமும் நேரமும் கிடைக்கும்.

சீட்டில் 3 வரிசை, 9 நிரல், வரிசைக்கு 5 என்று 15 எண்கள். அழைக்கும் எண் 1 முதல் 90 வரை. 100 சீட்டு இருந்தால் முழு வீடு (ஒரு சீட்டின் 15 எண்ணும் அடிபடுவது) பெரும்பாலும் 60 முதல் 70 எண்களுக்குள் விழும். எண்ணுக்கு 10 விநாடி வைத்தால் 12 நிமிடம். அதோடு சரிபார்க்கும் நேரமும் சேர்த்து 20 நிமிடத்துக்குள் முடியும்.

ஒலிபெருக்கியில் மலையாள ‘அம்பது’ம் ‘ஒம்பது’ம் ஒரே மாதிரி கேட்கும். எண்ணைச் சொல்லி, உடனே இலக்கமாகவும் பிரித்துச் சொல்லுங்கள்: “ஐம்பத்தாறு. அஞ்சு, ஆறு.” ஒற்றை எண்ணானால் “தனி ஒம்பது”. ஒரு பெரிய சார்ட்டில் ஒருவர் எழுதிக்கொண்டே வரட்டும், காது கேளாத பெரியவர்களும் ஆடலாம். மடியில் சீட்டை வைத்துக் கடலை அடுக்கினால் ஒரு பிள்ளை ஓடியதும் எல்லாம் உருளும். பேனாவால் அடிப்பதே நல்லது.

முதல் ஐந்து, நாலு மூலை, மூன்று வரிசை, முழு வீடு என்று ஆறு பரிசு. விதி இரண்டை முன்பே அறிவியுங்கள். அடுத்த எண் சொல்லும் முன் கை தூக்க வேண்டும், பிந்தினால் கிடையாது. இருவர் ஒன்றாகக் கேட்டால் பரிசைப் பகிர வேண்டும், அதனால் பகிரக்கூடிய பொருளாக வையுங்கள்.

சீட்டுக்குக் காசு வாங்காதீர்கள். காசு வந்ததும் அது சூதாட்டம் ஆகிறது. தேவாலய வளாகத்தில் அது பொருந்தாது, காசு இல்லாதவர் ஒதுங்கியும் போவார்.

14. பரிசும் அதன் பிறகும்

12 வயதுக்கு உட்பட்ட எல்லாருக்கும் ஒரே மாதிரிப் பொருள்: ஸ்டீல் டம்ளரோ, வரையும் நோட்டோ. ஒன்றுக்கொன்று நிறம் மாறினாலும் அழுகை வரும். வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டியிருப்பதால் கண்ணாடி, பீங்கான் வேண்டாம்.

ஜெயித்த அணிக்கு மட்டி வாழைக் குலையோ செவ்வாழைக் குலையோ கட்டித் தொங்க விடுங்கள். ஏத்தன் (நேந்திரன்) குலை கம்பீரமாக இருக்கும், ஆனால் பச்சையாக வந்தால் யாராவது ஒருவர் வீட்டுக்குத்தான் போகும். பழுத்த குலையானால் 25 பேரும் அங்கேயே உரித்துத் தின்பார்கள், தோற்ற அணிக்கும் இரண்டு சீப்பு போகும். கடைக்காரரிடம் எந்த நாளுக்குப் பழுக்க வேண்டும் என்று ஒரு வாரம் முன்பே சொல்லி வையுங்கள்.

இரவு பத்துக்கு மேல் வெளியே ஒலிபெருக்கிக்கு அனுமதி கிடையாது, சாப்பிட்டு முடிந்ததும் ஸ்பீக்கரைக் கழற்றிவிடுங்கள். பானை உடைத்த மூலையை விளக்கடித்து இன்னொரு முறை கூட்டுங்கள். வடத்தை அப்படியே சுருட்டி அறைக்குள் போட்டால் வியர்வையும் பனியும் சேர்ந்து உள்நார் கறுக்கும்; மறுநாள் வெயிலில் நீட்டிப் போட்டு, காய்ந்த பிறகு ஆணியில் தொங்க விடுங்கள்.